கணப்பு இருந்த இடம்

நீலகிரியில் பழைய வீடு எதற்குள் நுழைந்தாலும், முதலில் அடுப்பு எங்கே இருந்தது என்று தேடிப் பாருங்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் அமைந்திருக்கும். யார் எங்கே படுப்பது, ஈர விறகை எங்கே அடுக்குவது, கைக்குழந்தையின் துணியை எங்கே உலர்த்துவது, வாசல் எவ்வளவு உயரம், சன்னல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அந்த நெருப்பின் சூடு வெளியே போய்விடக் கூடாது என்று யோசித்துச் செய்தவை. இன்று மலையில் எழும்பும் வீடுகளில் நெருப்புக்கென்று இடமே கிடையாது. சமையல் மேடையில் கேஸ் அடுப்பு, குளியலறையில் கீசர், அவ்வளவுதான். குளிர்காலம் மட்டும் நவம்பர் கடைசியில் தவறாமல் வந்துவிடுகிறது.

சீசன் மாதங்களான ஏப்ரல், மேயில் ஊட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் குளிர் தெரியாது. ஊட்டி இருப்பது 2,240 மீட்டர் உயரத்தில். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்ததும் உறைபனிக் காலம் தொடங்கும். பிப்ரவரி வரை நீளும். ஜனவரியில் பகலில் 20 டிகிரி வரை வெயில் சுகமாக அடிக்கும். இரவில் 5, 6 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற தாழ்வான இடங்களில் 0 டிகிரியைத் தொடும், சில இரவுகளில் அதற்கும் கீழே போகும். மேகம் இல்லாத, காற்று அசையாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. மண்ணை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் மேட்டிலிருக்கும் தேயிலை தப்பிக்க, ஓடையோரத் தேயிலை ஒரே இரவில் கருகிப்போகிறது. தாவரவியல் பூங்காவில் நாற்றுகளின் மேல் மிலாறு எனும் சுள்ளிகளைப் போட்டு மூடுகிறார்கள். காலை ஏழு மணிக்குப் புல்வெளி உப்புப் பூத்த மாதிரி இருக்கும். ஒன்பது மணிக்குச் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்.

பகல் 20, விடியற்காலை 5. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வீடு நிற்கிறது. பகலில் வாங்கிய வெயிலையும் மாலையில் சமைத்த சூட்டையும் விடியும்வரை கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தால் அது மலைக்கேற்ற வீடு. அந்த வேலையை அன்றைய வீடுகள் எப்படிச் செய்தன, இன்றைய வீடுகள் எங்கே தவறவிட்டன என்பதைப் பேசியாக வேண்டும். ஏனென்றால் இன்று இந்த மலையில் ராத்திரி நடுங்கிக்கொண்டு படுப்பவர்களில் பெரும்பாலோர் புதிய வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளில் இருந்த வீட்டிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, மேலே புல் வேய்ந்த, பாதி பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற வீடு. சுமார் 18 அடி நீளம், 9 அடி அகலம். வாசல் மூன்றடிதான், மண்டியிட்டுத் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். சன்னல் கிடையாது. உள்ளே ஒரு பக்கம் மண் மேடை, படுப்பதற்கு, அருகில் அடுப்பு. சிறிய வாசலுக்குக் காட்டு விலங்குகளையும் காரணம் சொல்வார்கள். ஆனால் அதற்குள் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தவர்களுக்குக் குளிர்தான் முதல் காரணம் என்று புரிந்துவிடும். சூடான காற்று மேலே போகும். கூரை வளைந்து தாழ்ந்திருப்பதால் அது படுத்திருப்பவர்களின் தலைக்கு மேலேயே நிற்கும். வாசல் தரையோடு ஒட்டியிருப்பதால் வெளியேறக் குளிர்ந்த காற்றுக்குத்தான் வழி. புகை புல்லின் வழியாகக் கசிந்து போகும். போகிற போக்கில் பூச்சிகளை விரட்டி, கூரை உளுத்துப் போகாமலும் காக்கும். அடுப்பு எரியாத வீட்டில் அந்தக் கூரை நிலைக்காது. வீட்டுக்குள் இருப்பவர்கள் போர்த்திக்கொள்வது கறுப்பும் சிவப்புமாகப் பூவேலை செய்த தடித்த வெள்ளைப் பருத்திப் போர்வை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் தோடர் எம்பிராய்டரியைக் கடைகளில் கைப்பையாகவும் மேசை விரிப்பாகவும் பார்க்கிறோம்.

படகர்களின் ஊர்களான ஹட்டிகள் வேறு மாதிரி. வீடுகளை வரிசையாகச் சுவரோடு சுவர் சேர்த்துக் கட்டினார்கள். நடுவில் இருக்கும் வீட்டுக்கு இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டின் அடுப்புச் சூடு காவல். ஊரைப் பள்ளத்தில் வைக்காமல் சரிவில் வைத்தார்கள். வீட்டு முன்னால் வெயில் விழும் களம் இருக்கும். தடித்த மண்சுவர், தாழ்ந்த வாசல், உள்ளறையில் அடுப்பு, அதற்கு மேலே தானியமும் விறகும் வைக்கும் பரண். பரணில் இருப்பது காயவும் காயும், கூரைக்கும் அறைக்கும் நடுவே ஒரு தடுப்பாகவும் இருக்கும். கிழவர்கள் காலையில் களத்தில் வெயில் காய்வதும், மாலையில் அடுப்பங்கரைக்கு நகர்வதும் அன்றாட ஏற்பாட்டின் ஒரு பகுதியாகவே இருந்தது.

1819-இல் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்து, பிறகு ஊட்டியில் கல் பங்களா கட்டிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் காலத்திலிருந்து வெள்ளைக்காரர்களின் பயர்பிளேஸ் வந்தது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு கணப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைபோக்கி. புகை வெளியே போக, சூட்டின் பெரும்பகுதியும் அதோடு மேலே போய்விடும். விறகைத் தின்னும் ஏற்பாடு அது. ஊரைச் சுற்றியிருந்த சோலைக்காடுகள் அந்தக் கணப்புகளுக்குள் போயின. ஓரங்குலம் பருக்கவே வருடங்கள் எடுத்துக்கொள்ளும் சோலை மரங்கள் அவை. காடு கரையத் தொடங்கியதும் வேகமாக வளரும் மரம் வேண்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து 1840களில் வந்த கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் விறகுக்காக மலையெங்கும் நட்டார்கள். நீலகிரியின் முகத்தையே மாற்றிய அந்த மரங்கள் குளிர் காய்வதற்காக நடப்பட்டவை என்பதைச் சுற்றுலா வழிகாட்டிகள் யாரும் சொல்வதில்லை. புல்வெளிகளைச் சீகை மூடியதும், ஓடைகள் மெலிந்ததும், இன்று நீதிமன்றம் வரை போய் அந்நிய மரங்களை அகற்றும் வேலை நடப்பதும் அந்தக் கணப்பில் தொடங்கிய கதைதான்.

நான் அதிகம் அறிந்தது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் லயன்களின் குளிரை. ஒரு வரிசையில் எட்டோ பத்தோ வீடுகள். வீட்டுக்கு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. மேலே தகரம். அதன் மேல் பனி விழுந்து, உள்ளே மூச்சுக்காற்று பட்டு, விடியற்காலையில் போர்வையின் மேல் சொட்டுச் சொட்டாக விழும். கட்டடமாக எடுத்துக்கொண்டால் குளிருக்கு அதைவிட மோசமான வீடு இல்லை. அதை வாழத் தகுந்ததாக்கியது அடுப்பு ஒன்றுதான்.

கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்கள் வெறுங்கையோடு வீடு திரும்ப மாட்டார்கள். இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து கனக்கும். தலையில் ஒரு கட்டு விறகு. நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலைக்குக் கவாத்து நடக்கும்போது லயனுக்கே தீபாவளி. மலைமலையாகக் கவாத்து மிலாறு கிடைக்கும். தேயிலைக் குச்சி விரல் பருமன்தான் என்றாலும் கெட்டியானது, நின்று எரியும். என் அம்மா அதை அடுப்புக்கு மேலே கட்டிய மூங்கில் தட்டியில் அடுக்கி வைப்பாள். கீழ் அடுக்கு காய்ந்ததும் எடுத்து எரிப்பது, மேல் அடுக்கைக் கீழே இறக்குவது, புதிதாகக் கொண்டுவந்ததை மேலே வைப்பது. மழைக்காலம் முழுக்க ஈர விறகைக் காயவைத்தே எரித்தாக வேண்டும் என்பதால் அந்தத் தட்டி ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

சோறும் குழம்பும் ஆன பிறகும் அடுப்பை அணைக்க மாட்டாள். வெந்நீர்த் தவலை ஏறும். அது இறங்கியதும் தணலை ஒன்றுகூட்டி, நடுவில் ஒரு கனத்த கட்டையைப் புதைத்து, மேலே சாம்பலை மூடிவிடுவாள். சாம்பல் காற்றைத் தடுப்பதால் கட்டை எரியாமல் கனன்றுகொண்டே இருக்கும். காலை நாலரைக்குச் சாம்பலை விலக்கி நாலு மிலாறைப் போட்டு ஊதினால் தீ எழும். தீப்பெட்டி தேவைப்படாது. சமையல்கட்டுக்கும் அறைக்கும் நடுவில் இருந்த சுவரின் மறுபக்கம் ராத்திரி முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சுவரை ஒட்டித்தான் பாட்டிக்கும், பிரசவித்து வந்த பெண்ணுக்கும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கும் படுக்கை. மற்றவர்கள் அதற்கு அடுத்து நெருக்கி வரிசையாக. தூங்கும் மனித உடம்பு 70, 80 வாட் அளவு சூட்டை வெளிவிடுகிறது. ஐந்து பேர் ஒரே கம்பளிக்குள் படுத்தால் அதுவே ஒரு சின்ன ஹீட்டர்.

கறுப்புக் கம்பளி இல்லாத லயன் வீடு கிடையாது. மழையில் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு மலைக்குப் போவதும் அதுதான், காயவைத்து ராத்திரி போர்த்துவதும் அதுதான். 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தொழிலாளிக்குக் குடையும் கம்பளியும் மழைக்கோட்டும் நிர்வாகம் தர வேண்டும் என்று விதி செய்ய மாநில அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்தது. குளிர் என்பது தொழிலாளியின் சொந்தப் பிரச்சினை இல்லை என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்காகத் தொடங்கிய, தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களிலும் இதே லயன், இதே கம்பளி, இதே அடுப்பு. நுவரெலியாப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் குளிரில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை.

இந்த அடுப்பைப் பற்றி ஏக்கத்தோடு மட்டும் எழுத எனக்கு மனம் வராது. அந்தச் சூட்டுக்கு விலை கொடுத்தது பெண்களின் கண்ணும் நெஞ்சும். புகைபோக்கி இல்லாத சமையல்கட்டில் ஈர விறகை ஊதி ஊதியே வயதானவர்கள். ஐம்பது வயதுக்குள் மூச்சிரைப்பு, கண்ணில் ஓயாத நீர், விடியற்காலை இருமல். சுவர் மட்டும் கறுக்கவில்லை. குழந்தைகள் தீயில் கை வைத்தார்கள், பாவாடையில் தீப்பிடித்த பெண்கள் உண்டு. விறகுக்குப் போன இடத்தில் கரடியும் காட்டுமாடும் அடித்துப் போட்டவர்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டியிடம் பழைய அடுப்பைப் பற்றிக் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை.

"கேஸு வந்து என் கண்ணு பொழச்சுது சாமி. அத யாரும் கொறை சொல்லக் கூடாது. ஆனா ராத்திரியில கால் வெறைச்சுப் போவுது. அதுக்கு என்ன செய்யறதுன்னு யாரும் சொல்லித் தரல."

அவர் சொன்னதில் முழு விஷயமும் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு வரும். ஒரு குடும்பம் நாளைக்கு நான்கு கிலோ எரித்தாலும் 16 யூனிட். அதில் ஒரு பங்குதான் சோற்றுக்கு. மீதி சுவருக்கும் தரைக்கும் காற்றுக்கும் போனது, புகையோடு கொஞ்சம் கூரை வழியே போனது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றரை மாதம் வருகிறது என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு எரியும் கேஸின் சூடு 4 யூனிட்தான். அதில் பாதிக்கு மேல் பாத்திரத்துக்குள் போய்விடும். கேஸ் அடுப்பு தன் வேலையைச் சுத்தமாகச் செய்கிறது. விறகடுப்பு சமைத்துக்கொண்டே செய்து வந்த இன்னொரு வேலை, வீட்டைச் சூடாக்கும் வேலை, யாரிடமும் ஒப்படைக்கப்படாமல் நின்றுபோனது.

விறகும் முன்பு போலக் கிடைப்பதில்லை. 1955-இல் வந்த மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சொந்தப் பட்டாவில் நிற்கும் மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். அது நல்ல சட்டம், மலைச்சரிவு நிற்பதே அதனால்தான். காட்டுக்குள் சுள்ளி பொறுக்கவும் கட்டுப்பாடு வந்தது, அதுவும் தேவைதான். விறகு விலை ஏறியது. இப்போதும் கேஸ் வைத்திருக்கும் பல வீடுகளில் பின்பக்கம் மூன்று கல்லோ ஒரு பாய்லரோ வைத்து வெந்நீருக்கு மட்டும் விறகு எரிக்கிறார்கள். சூடு வெளியே போகிறது, தண்ணீர் மட்டும் உள்ளே வருகிறது.

இதே காலத்தில்தான் வீடும் மாறியது. மண்சுவர் போய் ஹாலோ பிளாக் வந்தது. ஓடும் பலகை மச்சும் போய்க் கான்கிரீட் தளம் வந்தது. சமவெளியில் கட்டும் அதே வீட்டை மலையிலும் கட்டினோம். தனியார் மட்டுமில்லை, அரசின் தொகுப்பு வீடுகளும் அப்படித்தான். தோடர், கோத்தர், குறும்பர், இருளர் குடியிருப்புகளில் வரிசையாக நிற்கும் அந்தச் சதுர வீடுகளைப் பார்த்தால், வரைபடம் போட்டவர் டிசம்பர் இரவில் மலையில் தங்கியிருக்க மாட்டார் என்று சொல்லிவிடலாம். நாலரை அங்குலத் தளம் தெளிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தன் சூட்டை இழக்கிறது. நள்ளிரவுக்கு மேல் அறையின் காற்றைவிடத் தளம் குளிர்ந்துவிடும். மூச்சின் ஈரமும் சமையலின் ஆவியும் அதில் பட்டுத் துளியாகி வழியும். மூலையில் கறுப்பாகப் பூஞ்சை படரும், அதனால் குழந்தைகளுக்குச் சளி விடாது. மழை ஒழுகாது, கரையான் அரிக்காது, கௌரவமான வீடு. அதை யாரும் மறுக்க முடியாது. ஒழுகும் தகரத்துக்குக் கீழே பாதி வாழ்க்கையைக் கழித்தவர்கள் தளம் போட்ட வீட்டுக்கு ஆசைப்பட்டது முழுக்க நியாயம். அந்த ஆசைக்கு மலைக்கேற்ற தளத்தைக் கொடுக்காதது கட்டித் தந்தவர்களின் பொறுப்பு.

அன்றைய பழக்கம் இன்றைய வீட்டுக்குள் போகும்போது உயிரே போகிறது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். குமுட்டி என்ற கரி அடுப்பை மூட்டத் தெரிந்த தலைமுறை அதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். கரியை வாசலில் வைத்து மூட்டுவார்கள். புகை முழுக்க அடங்கி, கரி முழுக்கச் சிவந்த பிறகுதான் உள்ளே எடுப்பார்கள். கதவைச் சற்று ஒருக்களித்து வைப்பார்கள். கைகால் காய்ந்து படுக்கை சூடானதும், தூங்கப் போகும் முன் குமுட்டியை வெளியே வைத்துவிடுவார்கள். அது போக, ஓட்டு வீட்டில் ஓட்டுக்கு ஓடு இடுக்கு. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல் நுழையும். வீடே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இன்றைய அறையில் கான்கிரீட் தளம், ரப்பர் பட்டை வைத்த அலுமினியச் சன்னல், இறுக மூடும் கதவு. அதற்குள் கனலும் கரியை வைத்துவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு நிறையும். அதற்கு வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. பிராணவாயு ஏற வேண்டிய இடத்தில் அது ரத்தத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி, தூக்கம், அவ்வளவுதான். கரி புகையாமல் சிவந்து எரிந்தாலும் இந்த வாயு வரும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி சில வருடங்களாகத் திரும்பத் திரும்ப வருகிறது. சமவெளியிலிருந்து வந்த இளைஞர்கள், கூலி வேலைக்கு வந்தவர்கள், உள்ளூர்க் குடும்பங்கள் என்று எல்லோரும் அதில் உண்டு. பார்பெக்யூ செய்த அடுப்பை "சூடாக இருக்கட்டும்" என்று உள்ளே இழுத்து வைத்ததுதான் பல இடங்களில் நடந்தது. அறைக்குள் கரி வேண்டாம். யாருக்காவது கரி வைத்த அறையில் தலை சுற்றினால் முதலில் வெளியே இழுத்துக்கொண்டு வாருங்கள், பிறகு 108-ஐ அழையுங்கள். விடுதி நடத்துகிறவர்கள் இதை அறைக் கதவின் உட்புறம் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்தால் புண்ணியமாகப் போகும்.

மின்சாரம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. சொல்லப்போனால் தமிழ்நாட்டுக்கு நீர்மின்சாரம் கொடுத்த மலையே இதுதான். பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுத்தார்கள். பிறகு கனடாவின் உதவியோடு குந்தா திட்டம் வந்தது. கம்பிகள் கீழே கோவையின் ஆலைகளுக்கு ஓடிய எத்தனையோ வருடங்கள் கழித்துத்தான் லயன்களில் பல்பு எரிந்தது. இன்று அநேகமாக எல்லா வீட்டிலும் இணைப்பு உண்டு. ஆனால் 2,000 வாட் ஹீட்டரை மாலையில் மூன்று மணி நேரம் ஓட்டினால் நாளைக்கு 6 யூனிட். இரண்டு மாதத்துக்கு 360 யூனிட். அரசு இலவசமாகத் தரும் யூனிட்டுகள் இதற்குப் போதாது. விளக்கு, டிவி, மிக்சி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அப்படியே ஓட்டினாலும், குளிர்ந்த தளத்துக்குக் கீழே ஹீட்டரை அணைத்த அரை மணியில் அறை பழையபடி ஆகிவிடும். தினக்கூலிக் குடும்பத்துக்கு அது சரிப்பட்டு வராது. அதனால்தான் ஹீட்டர் கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும் விடுதியிலும் மட்டும் ஓடுகிறது.

மற்றவர்கள் அறையை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், மங்கி குல்லா, மஃப்ளர், ராத்திரியும் கழற்றாத காலுறை. திபெத்தியர் கடைகளில் குளிர் உடை கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. சத்தமில்லாமல் ஒரு நல்ல மாற்றம் நடந்திருப்பது இங்கேதான். சாக்குப் பையை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு பனியில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் இருந்த மலை இது. பாதம் வெடித்து ரத்தம் கசியும்; விரல்கள் சிவந்து வீங்கி அரிக்கும். இன்று ஷூ இல்லாத பிள்ளையைப் பார்க்க முடிவதில்லை. வெந்நீர் ஊற்றிய ரப்பர் பையைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டால் நடுராத்திரி வரை தாங்கும். கால் விறைக்கிறது என்று சொன்ன அந்தப் பாட்டிக்கு நான் வாங்கிக் கொடுத்ததும் அதுதான். தரமான மின்போர்வை சுமார் 100 வாட். எட்டு மணி நேரம் போட்டாலும் ஒரு யூனிட் ஆகாது. அறையைச் சூடாக்க 6 யூனிட் ஆகிற இடத்தில் ஆளைச் சூடாக்க ஒரு யூனிட்கூட வேண்டாம். வயதானவர்கள் தனியாகப் படுக்கும் வீடுகளுக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

தனியாக என்று சொன்னேன். அடுப்பு போனதோடு வீட்டில் எல்லோரும் கூடும் இடமும் போய்விட்டது. சூடு ஒரே இடத்தில் இருந்தபோது பேச்சும் அங்கேதான் இருந்தது. பாடம் படிப்பது, கொழுந்துக் கணக்குப் பேசுவது, சண்டை, சமாதானம், பேய்க்கதை எல்லாம் தணலைச் சுற்றி. இன்று ஏழரை மணிக்கு ஆளுக்கொரு போர்வைக்குள் ஆளுக்கொரு செல்போன். இதைச் செல்போனின் குற்றம் என்று சொல்லிவிடுவது எளிது. கூடி உட்காரும் அளவுக்குச் சூடான ஓர் இடம் வீட்டில் இல்லை என்பதும் அதற்குக் காரணம். கூடி உட்காரும் தேவை இருக்கத்தான் செய்கிறது. விடியற்காலையில் டாக்சி ஸ்டாண்டிலும் மார்க்கெட் வாசலிலும் அட்டைப்பெட்டியும் பலகைத் துண்டும் போட்டுத் தீ மூட்டி வட்டமாக நிற்கிறார்களே, அந்த இடத்தில் நின்று கேளுங்கள். ஊர்ப்பேச்சு முழுக்க அங்கேதான் இருக்கிறது. சில இடங்களில் பழைய டயரையும் எரிக்கிறார்கள், அந்தப் புகை விறகுப் புகையைவிடப் பல மடங்கு கெடுதல். நகராட்சி நினைத்தால் பனி மாதங்களில் அந்த இடங்களுக்கு உலர்ந்த விறகு கொடுக்கலாம். அகற்றும் சீகை மரம் மலையெங்கும் குவிந்து கிடக்கிறது.

வீட்டுக்கு வருவோம். நம் மலைக்குளிர் நாள் முழுக்க நீடிக்கும் ஐரோப்பியக் குளிர் போன்றதில்லை. தினமும் ஆறேழு மணி நேரம் நல்ல வெயில் கிடைக்கிறது. டிசம்பரில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 35 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். தெற்கே கண்ணாடிச் சன்னல் வைத்த அறைக்குள் வெயில் தரையில் நீளமாக விழும். மே மாதத்தில் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடுவதால் அதே சன்னல் வழியே நேர் வெயில் வராது. வாங்கிய சூட்டை வைத்துக்கொள்ள, மூன்றரை மணிக்கே சன்னலை மூடித் திரையை இழுத்துவிட வேண்டும். பழைய பங்களா சமையல்காரர்களுக்கு இது பழகிய வேலை. நாம் ஆறு மணிக்குக் குளிர் வந்த பிறகு மூடுகிறோம், உள்ளே குளிரைத்தான் அடைத்து வைக்கிறோம்.

ஏற்கெனவே கட்டிய கான்கிரீட் வீட்டுக்கும் வழி உண்டு. தளத்துக்கு ஓரடி கீழே பலகையோ தெர்மாகோல் பலகையோ வைத்து ஒரு மச்சு அடித்தால் நடுவில் நிற்கும் காற்றே கம்பளி. சொட்டும் ஈரம் பெரும்பாலும் நிற்கும். நெருப்புக்கு அருகே தெர்மாகோல் வேண்டாம், சமையலறைக்குப் பலகைதான். சிமென்ட் தரையில் தேங்காய் நார் விரிப்பு, கதவடியில் துணிச்சுருள், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவது எல்லாம் அதிகக் காசில்லாமல் செய்யக்கூடியவை. விறகு இருக்கும் வீட்டில், புகைபோக்கி வைத்த அடுப்பை உள்சுவரை ஒட்டி மண்ணும் கல்லுமாகக் கட்டினால் பாட்டிக்குச் சூடும் கிடைக்கும், மருமகளுக்குப் புகையும் இருக்காது. அந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் அடுப்பை லயன்களில் நூறு வருடமாக யாரும் கட்டித் தரவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

தொகுப்பு வீட்டுக்கும் மற்ற வீட்டுத் திட்டங்களுக்கும் மலை மாவட்டத்துக்கென்று தனி வரைபடம் வேண்டும். தெற்குச் சன்னல், தளத்துக்குக் கீழே மச்சு, ஈரம் ஏறாத கல் மேடை, புகைபோக்கி வைத்த ஓர் அடுப்பு. ஒப்பந்தக்காரர் செலவுக் கணக்கில் இவை வராத வரை பயனாளிகள்தான் கேட்டு வாங்க வேண்டும். இந்த வருடம் வீட்டுத் திட்டப் பட்டியலில் பெயர் வந்தவர்கள், அஸ்திவாரம் தோண்டும் முன்பே மேஸ்திரியிடம் பெரிய சன்னலைத் தெற்கே வைக்கச் சொல்லிவிடுங்கள். சாலை எந்தப் பக்கம் இருந்தாலும் சரி.